இங்கிலாந்தின் திருச்சபை சார்ந்த அகாடமிப் பள்ளிகள்: ஆளுகை அடுக்குகளும் உறுப்பினரின் பொறுப்புகளும்

இங்கிலாந்தில் திருச்சபை சார்ந்த அகாடமிப் பள்ளி ஒன்றை நடத்தும் அறக்கட்டளையில் உறுப்பினராகச் சேரும்படி அழைப்பு வரும்போது, அது பெரும்பாலும் ஞாயிறு வழிபாடு முடிந்து தேநீர் அருந்தும் நேரத்தில் வாய்மொழியாகத்தான் வருகிறது. "வருடத்துக்கு ஓரிரு கூட்டம்தான், பெரிய வேலை ஒன்றும் இல்லை" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கூட்டங்கள் குறைவுதான், ஆனால் அந்தக் கூட்டங்களில் கைதூக்கி எடுக்கும் முடிவுகள் பள்ளியின் பெயரையும் விதிகளையும் அதை நடத்துவோரையும் மாற்றக்கூடியவை. முதலில் உள்ளூர் ஆளுகைக் குழுவிலும் பின்னர் உறுப்பினராகவும் இருந்து நான் கற்றுக்கொண்டதை, சம்மதம் சொல்வதற்கு முன் ஒருவர் என்னென்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மிஷன் பள்ளிகளை அறிந்தவர்கள் தாளாளர் என்ற பதவியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த அமைப்பைப் பார்ப்பதுண்டு. நியமனம், வரவு செலவு, கட்டடம் என எல்லாவற்றுக்கும் கையெழுத்திடும் அப்படி ஒரு தனிமனிதர் இங்கே இல்லை. அவருடைய அதிகாரம் நான்கைந்து இடங்களில் பிரிந்து கிடக்கிறது. எது எங்கே கிடக்கிறது என்று அறிவதுதான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி. சொற்களைப் பொறுத்தவரை, ஆங்கிலிக்கன் திருச்சபைக்குத் திருமண்டலம், பேராயர் என்றும், கத்தோலிக்கத் திருச்சபைக்கு மறைமாவட்டம், ஆயர் என்றும் நம் சபைகளில் வழங்கும் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

முதல் படி: பள்ளி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

2002-இல் மூன்று பள்ளிகளோடு தொடங்கிய அகாடமி முறை, 2010-ஆம் ஆண்டின் அகாடமிகள் சட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் பரவியது. அகாடமியாக மாறிய பள்ளி உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பிலிருந்து விலகி, கல்வி அமைச்சருடன் நேரடியாக நிதி ஒப்பந்தம் செய்துகொண்ட ஓர் அறக்கட்டளையால் நடத்தப்படுகிறது. ஆனால் திருச்சபைப் பள்ளி தன் விருப்பப்படி மட்டும் மாறிவிட முடியாது. பள்ளியின் அறங்காவலர்களும், திருச்சபை சார்பு ஆளுநர்களை (பள்ளியின் ஆளுகைக் குழுவில் அமர்பவர்களை) நியமிக்கும் அதிகாரம் உடையவர்களும் இசைவு தந்தால்தான் ஆளுகைக் குழு விண்ணப்பிக்கவே முடியும் என்று அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. மாறிய பின்னும் பள்ளியின் சமயத் தன்மை தொடர்கிறது.

இங்கே ஒரு பழைய வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. அகாடமியாக மாறாத திருச்சபைப் பள்ளிகளில் இரண்டு வகை உண்டு. வாலண்டரி எய்டட் பள்ளிகளில் திருச்சபை நியமித்த ஆளுநர்கள் மற்ற எல்லா ஆளுநர்களையும்விட இருவராவது கூடுதலாக இருப்பார்கள். வாலண்டரி கண்ட்ரோல்டு பள்ளிகளிலோ அவர்கள் கால் பங்கைத் தாண்டுவதில்லை. அகாடமியாக மாறும்போது இந்தச் சமநிலை குலையக் கூடாது என்பதே திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள புரிதல். அதனால்தான் ஆங்கிலிக்கன் அறக்கட்டளைகளுக்குத் திருச்சபைப் பெரும்பான்மை கொண்ட மாதிரி விதிகள், சிறுபான்மை கொண்ட மாதிரி விதிகள் என இரண்டு வகை இருக்கின்றன. கத்தோலிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் எய்டட் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் அறக்கட்டளைகளில் ஆயரின் நியமனங்களே பெரும்பான்மை. உங்களை அழைத்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த அறக்கட்டளை எந்த மாதிரி விதிகளின்கீழ் இயங்குகிறது?" என்பதுதான். அதற்கு உடனே பதில் சொல்லத் தெரியாத அறக்கட்டளையில் சேருமுன் இன்னும் சில நாள் யோசிப்பது நல்லது.

இரண்டாம் படி: அடுக்குகளைப் பிரித்தறியுங்கள்

அகாடமி அறக்கட்டளை சட்டப்படி ஒரு நிறுவனம். அதேவேளை அது ஓர் அறநிறுவனமும்கூட. அதற்குப் பங்குகள் இல்லை, லாபப் பங்கீடும் இல்லை. பங்குதாரர்கள் இருக்க வேண்டிய இடத்தில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அறக்கட்டளை கலைக்கப்படும் நாளில் கடன் மிஞ்சினால் ஆளுக்கு 10 பவுண்டு வரை தருவதாக அவர்கள் உறுதி அளித்திருப்பார்கள். உறுப்பினர் என்ற நிலையில் அவர்களது பணப் பொறுப்பு அவ்வளவுதான். குறைந்தது மூன்று உறுப்பினர்கள் வேண்டும். ஐந்து பேராவது இருப்பதையே கல்வித் துறை விரும்புகிறது.

அடுத்த அடுக்கு அறங்காவலர்கள். கத்தோலிக்க அறக்கட்டளைகளில் இவர்களை இயக்குநர்கள் என்றே அழைப்பது வழக்கம். ஒரே ஆள் நிறுவனத்தின் இயக்குநராகவும் அறநிறுவனத்தின் காவலராகவும் இருப்பதால் இரண்டு சட்டங்களும் அவரைக் கட்டுப்படுத்தும். பள்ளியை நடத்துபவர்கள் இவர்களே: கல்வித் தரம், பணம், பணியாளர், மாணவர் பாதுகாப்பு அனைத்தும் இவர்களின் சட்டப் பொறுப்பு. அறக்கட்டளையின் தலைமை நிர்வாகி கணக்குப் பொறுப்பு அலுவலராக இருந்து, பொதுப்பணம் முறையாகச் செலவாவதற்கு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

பல பள்ளிகளை நடத்தும் அறக்கட்டளையில் மூன்றாவதாக ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர் ஆளுகைக் குழு இருக்கும். பெற்றோர் அதிகம் சந்திப்பது இவர்களைத்தான். ஆனால் இவர்களுக்கென்று சொந்த அதிகாரம் கிடையாது. அறங்காவலர்கள் அதிகாரப் பகிர்வு ஆவணத்தில் எதை எழுதித் தந்தார்களோ அது மட்டுமே இவர்களுடையது. தந்ததை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். பழைய எய்டட் பள்ளியில் ஆளுநராக இருந்தவர்கள் அகாடமியான பிறகும் அதே அதிகாரம் தங்களிடம் இருப்பதாக நினைத்து மனம் நோவதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றம் நடக்கும்போதே யாராவது அவர்களோடு உட்கார்ந்து இதை விளக்கியிருக்க வேண்டும்.

இந்த மூன்று அடுக்குகளுக்கும் பக்கத்தில், எந்த அடுக்கிலும் முழுமையாக அடங்காமல் நிற்கிறது திருச்சபை. ஆங்கிலிக்கன் பக்கத்தில் திருமண்டலக் கல்வி வாரியம், அல்லது அதற்கென அமைக்கப்பட்ட ஒரு நிறுவனம், தானே ஓர் உறுப்பினராகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். கத்தோலிக்கப் பக்கத்தில் ஆயரின் அதிகாரம் திருச்சபைச் சட்டத்திலிருந்தே வருகிறது. அச்சட்டத்தின் 803-ஆம் விதிப்படி, தகுதியுள்ள திருச்சபை அதிகாரியின் இசைவு இல்லாமல் எந்தப் பள்ளியும் கத்தோலிக்கப் பள்ளி என்ற பெயரைத் தாங்க முடியாது. 806-ஆம் விதி பள்ளிகளைக் கண்காணிக்கவும் பார்வையிடவும் ஆயருக்கு உரிமை தருகிறது.

மூன்றாம் படி: மூன்று ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

நிறுவன விதிகள், நிதி ஒப்பந்தம், அதிகாரப் பகிர்வு ஆவணம். இவற்றோடு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரும் அகாடமி அறக்கட்டளைக் கையேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிதி ஒப்பந்தம் அதைப் பின்பற்றக் கட்டாயப்படுத்துகிறது. நிறுவன விதிகளில் முதலில் நோக்கத்தைச் சொல்லும் பகுதியைப் படிக்க வேண்டும். பள்ளியின் சமயத் தன்மையைக் காப்பது அறக்கட்டளையின் நோக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும் என்பதால், அறங்காவலர்கள் அதை ஒரு விருப்பமாகக் கருதி விட்டுவிட முடியாது. பிறகு உறுப்பினர்களை யார் நியமிக்கிறார், அறங்காவலர்களை யார் நியமிக்கிறார், விதிகளை மாற்ற யாருடைய முன்னிசைவு தேவை என்ற மூன்று இடங்களையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் ஒருமனதாக வாக்களித்தாலும் திருமண்டலத்தின் அல்லது ஆயரின் இசைவு இல்லாமல் மாற்ற முடியாத விதிகள் உண்டு. கல்வி அமைச்சரின் இசைவு தேவைப்படும் விதிகளும் உண்டு.

உங்கள் தகுதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அறக்கட்டளையின் ஊழியர் உறுப்பினராக இருக்க முடியாது. இது 2021 மார்ச் முதல் கட்டாயம். பள்ளி நிர்வாகத்திலிருந்து அரசால் தடை செய்யப்பட்டவரும் கூடாது. உங்கள் பெயரும், உங்களுக்குத் தொடர்புடைய தொழில், பண நலன்களும் அறக்கட்டளையின் வலைத்தளத்தில் வெளியாகும் என்பதை வீட்டிலும் சொல்லிவிடுங்கள். மனைவியின் நிறுவனமோ மைத்துனரின் நிறுவனமோ பள்ளிக்கு எதையாவது விற்கிறதா என்ற கேள்வி வரும்.

நான்காம் படி: உறுப்பினரின் அதிகாரத்தை வாக்குக் கணக்கோடு புரிந்துகொள்ளுங்கள்

உறுப்பினர்களுக்கு உரியவை சிலவே: விதிகளில் சொன்ன அளவுக்கு அறங்காவலர்களை நியமிப்பதும் நீக்குவதும், வெளித் தணிக்கையாளரை நியமிப்பது, தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கைப் பெறுவது, விதிகளையும் பெயரையும் மாற்றுவது, கடைசியில் அறக்கட்டளையையே கலைப்பது. இவற்றுக்கு வெளியே உள்ள எதுவும் உறுப்பினரின் வேலை அல்ல.

வாக்குக் கணக்கில் பலர் தவறுகிறார்கள் என்பதால் ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். ஐந்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நிறுவன விதி ஒன்றை மாற்ற வேண்டும். நிறுவனங்கள் சட்டம் 2006-இன்படி அதற்குச் சிறப்புத் தீர்மானம், அதாவது 75 விழுக்காடு ஆதரவு வேண்டும். கூட்டம் கூட்டி நால்வர் வந்து மூவர் ஆதரித்து ஒருவர் எதிர்த்தால், வாக்களித்தவர்களில் மிகச் சரியாக 75 விழுக்காடு; தீர்மானம் நிறைவேறியது. அதே தீர்மானத்தைக் கூட்டமில்லாமல் எழுத்து மூலம் சுற்றுக்கு விட்டால், மொத்த உறுப்பினர்களில் 75 விழுக்காடு கணக்கிடப்படும். மூவர் கையெழுத்து 60 விழுக்காடுதான், நால்வர் வேண்டும். பதில் அனுப்பாதவர் எதிர்த்தவருக்குச் சமம் ஆகிவிடுகிறார். மின்னஞ்சலைத் திறந்து பார்க்காத ஓர் உறுப்பினரால் ஒரு பள்ளி அறக்கட்டளையில் சேருவது வாரக்கணக்கில் தள்ளிப்போகலாம்.

அறங்காவலர் ஒருவரை நீக்குவதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் சட்டத்தின் 168-ஆம் பிரிவின்படி நீக்குவதானால் 28 நாள் சிறப்பு அறிவிப்பு தர வேண்டும், அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும், கூட்டம் கூட்டித்தான் செய்ய வேண்டும். எழுத்து மூலத் தீர்மானம் செல்லாது. திருச்சபை நியமித்த அறங்காவலரை, நியமித்த ஆயரோ கல்வி வாரியமோ திரும்ப அழைப்பதற்கும் விதிகள் வழிசெய்திருக்கும். பெரும்பாலும் அதுவே முறையான பாதை. அறங்காவலர்கள் கூட்டம் கூட்டத் தயங்கினால், 5 விழுக்காடு வாக்குரிமை கொண்ட உறுப்பினர்கள் கேட்டாலே அவர்கள் 21 நாளுக்குள் கூட்டத்துக்கு அழைப்பு விட்டாக வேண்டும். ஐந்தில் ஒருவருக்கு 20 விழுக்காடு இருப்பதால், தனி ஒருவராகவே நீங்கள் இதைக் கேட்க முடியும்.

மூன்றே உறுப்பினர்கள் உள்ள அறக்கட்டளையில் ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வாக்கு இருக்கும். 25 விழுக்காட்டைத் தாண்டுவதால், குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு உடையவர் என்று நிறுவனப் பதிவகத்தில் உங்கள் பெயர் ஏறும். அறங்காவலர் குழுவின் பெரும்பான்மையை நியமிக்கும் உரிமை உடையவருக்கும் இது பொருந்தும். அவ்வகைப் பதிவு உடையோருக்கும் இயக்குநர்களுக்கும் 2025 நவம்பர் 18 முதல் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

அதிகாரத்தின் எல்லைக்கு ஒரு காட்சி. ஓர் ஆண்டுக் கூட்டம், பள்ளி நூலகத்தில், குழந்தைகள் உட்காரும் தாழ்ந்த நாற்காலிகளில் நடந்தது. மேசையில் தணிக்கை அறிக்கை. ஓர் உறுப்பினர் அதைத் திறக்காமல், இரண்டாம் வகுப்பு வாசிப்புப் பாடத்திட்டத்தை ஏன் மாற்றினீர்கள் என்று தலைமை நிர்வாகியைக் கேட்கத் தொடங்கினார். அந்த உறுப்பினர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கேள்வி அறிவுள்ள கேள்விதான். அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. கணக்கு அறிக்கையின் பின்பகுதியில் தணிக்கையாளர் குறிப்பிட்டிருந்த உள்கட்டுப்பாட்டுக் குறை ஒன்றை யாரும் தொடவில்லை. பாடத்திட்டத்தைக் கேட்க அறங்காவலர்கள் இருந்தார்கள். அந்தக் குறையைப் பற்றி அறங்காவலர்களைக் கேட்க எங்களைத் தவிர வேறு யாரும் அந்த அறையில் இல்லை. அன்று முதல் எந்தக் கூட்டத்துக்கும் போகுமுன் தணிக்கையாளரின் கடிதத்தை முதலில் படித்துவிடுவது என் வழக்கம்.

ஐந்தாம் படி: திருச்சபை நியமித்தவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று தெளிவாகுங்கள்

உறுப்பினர்களும் அறங்காவலர்களும் ஒருவரே ஆகிவிட்டால் ஒருவர் தம்மைத் தாமே கண்காணிப்பது போலாகும். ஆகவே உறுப்பினர்களில் பெரும்பாலோர் அறங்காவலர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. இதைவிட நுட்பமான சிக்கல், ஆயர் நியமித்த அறங்காவலரின் மனச்சாட்சியில் எழுகிறது.

நிறுவனங்கள் சட்டத்தின் 171 முதல் 177 வரையான பிரிவுகள் இயக்குநரின் கடமைகளைச் சொல்கின்றன. அவற்றில் 173-ஆம் பிரிவு, இயக்குநர் சுதந்திரமான தீர்ப்போடு செயல்பட வேண்டும் என்கிறது. கத்தோலிக்க அறக்கட்டளையில் சேரும்போது ஆயருக்கு உறுதிமொழி தரும் வழக்கமும் உண்டு. இவை இரண்டும் மோதுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் பெரும்பாலான இடங்களில் மோதல் இல்லை. பள்ளியின் சமயத் தன்மை, மறைக்கல்வி, வழிபாடு ஆகியவற்றில் ஆயரின் வழிகாட்டலைப் பின்பற்றுவது அறக்கட்டளையின் நோக்கத்திலேயே அடங்கியிருக்கிறது. அதைப் பின்பற்றுபவர் தம் சட்டக் கடமையைத்தான் செய்கிறார். ஆனால் கொதிகலன் வாங்கும் ஒப்பந்தத்திலோ, நிதி நெருக்கடியில் உள்ள பள்ளியை ஏற்பதிலோ, "மறைமாவட்ட அலுவலகம் இப்படித்தான் விரும்புகிறது" என்ற ஒரே காரணத்துக்காகக் கைதூக்குபவர் தவறிழைக்கிறார். அங்கே அவர் படித்து, கேட்டு, தாமே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கான காரணம் கூட்டக் குறிப்பிலும் இருக்க வேண்டும்.

திருமண்டலத்திடமிருந்து சேவைகளை வாங்கும்போதும் இதே கவனம் தேவை. அறக்கட்டளையோடு தொடர்புடையவர்கள் அதற்கு எதையாவது விற்றால் லாபமின்றி அடக்க விலைக்கே தர வேண்டும் என்பது கையேட்டின் விதி. பள்ளியின் சமயத் தன்மையைப் பேணுவதற்கு இன்றியமையாத சேவைகளைத் திருச்சபை அதிகாரம் வழங்கும்போது, அவை அடக்க விலை விதியை நிறைவு செய்தவையாகக் கருதப்படும். ஊதியப் பட்டியல் தயாரிப்பதற்கோ கணினிப் பராமரிப்புக்கோ இந்தச் சலுகை நீளாது.

ஆறாம் படி: நிலம் யாருடையது என்று பாருங்கள்

திருச்சபைப் பள்ளிகளில் எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவதும், சிக்கல் வந்தால் எல்லாவற்றையும்விடப் பெரிதாவதும் நிலம்தான். 1811-இல் தொடங்கிய, ஆங்கிலிக்கன் திருச்சபையின் கல்விச் சங்கமான தேசிய சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் பள்ளி அமைக்க முனைந்தபோது, நிலவுடைமையாளர்கள் நிலம் கொடுத்தார்கள். 1841-ஆம் ஆண்டின் பள்ளி மனைகள் சட்டம் ஓர் ஏக்கருக்கு மிகாத நிலத்தை இதற்கெனத் தர வழிசெய்தது. பள்ளிக்காகப் பயன்படுவது நின்றால் நிலம் கொடுத்தவரின் வழியினருக்கே திரும்பும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. 1987-இல் வந்த சட்டம் அந்தத் திரும்பும் உரிமையை வேறு வடிவத்துக்கு மாற்றினாலும், பழைய பத்திரங்களின் நிழல் இன்னும் நீங்கவில்லை. ஆகவே கட்டடமும் அது நிற்கும் மனையும் இன்றும் திருமண்டல நிதி வாரியத்தின் பெயரிலோ, ஊர் ஆயர்குரு, சபைக் காப்பாளர்கள் பெயரிலோ, மறைமாவட்ட அறங்காவலர்கள் பெயரிலோ இருக்கக்கூடும்.

அகாடமி அறக்கட்டளை அந்த மனையில் உரிமையாளராக அல்ல, அனுமதி பெற்றவராக இருக்கிறது. மனைக் காவலர்களும் அறக்கட்டளையும் கல்வி அமைச்சரும் செய்துகொள்ளும் திருச்சபைத் துணை ஒப்பந்தம் இதை வரையறுக்கிறது. விளையாட்டுத் திடல் மட்டும் உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தமாக இருந்து, 125 ஆண்டுக் குத்தகையில் அறக்கட்டளைக்கு வந்திருக்கலாம். ஒரே வேலிக்குள் இரண்டு உரிமையாளர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் தற்காலிக வகுப்பறைக்கு அடித்தளம் தோண்டிய பிறகுதான், அது எந்தப் பக்கத்து நிலம் என்ற கேள்வியே எழுந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது எல்லைக்கோடு அந்தக் குழியின் நடுவே ஓடியது. இரு தரப்பின் இசைவும் வந்து சேரும்வரை ஒரு பருவம் முழுவதும் பிள்ளைகள் உணவுக்கூடத்தில் அமர்ந்து படித்தார்கள். சேர்ந்த முதல் ஆண்டிலேயே மனை வரைபடத்தைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: ஆண்டின் நாட்களைக் குறித்துவையுங்கள்

நிதியாண்டு ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு டிசம்பர் 31-க்குள் கல்வித் துறைக்கும், ஜனவரி 31-க்குள் வலைத்தளத்துக்கும், மே 31-க்குள் நிறுவனப் பதிவகத்துக்கும் போக வேண்டும். முன்பு இதைக் கவனித்த கல்வி நிதி முகமை 2025 மார்ச் 31-இல் மூடப்பட்டு, அதன் பணிகள் கல்வித் துறைக்கே சென்றுவிட்டதால், பழைய கடிதங்களில் உள்ள முகவரியை நம்ப வேண்டாம். அறங்காவலர் குழு ஆண்டுக்கு மூன்று முறையாவது கூட வேண்டும். உறுப்பினர் அதில் உட்கார வேண்டியதில்லை, ஆனால் கூடியதா என்று கேட்கலாம்.

பள்ளிக்கு இரண்டு வகை ஆய்வு உண்டு. அரசின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் கல்வியைப் பார்க்கும். சமயக் கல்வியையும் வழிபாட்டையும் 2005-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி திருச்சபையே பார்க்கும். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் பள்ளிகளுக்கு இது சியாம்ஸ், கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் கத்தோலிக்கப் பள்ளிகள் ஆய்வகம். இரண்டாவது அறிக்கை பெரும்பாலும் செய்திகளில் வராது. திருச்சபை சார்பில் அமர்ந்திருக்கும் உறுப்பினர் அதைத் தவறாமல் படிக்க வேண்டும். சமயத் தன்மை காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்பதை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

எட்டாம் படி: சேர்க்கைக் காலத்துக்கு உங்களைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்

நம் சமூகத்தில் உறுப்பினராக இருப்பவருக்கு இந்தப் படி கட்டாயம் தேவைப்படும். இலண்டனிலும் அதைச் சுற்றியும் திருச்சபைப் பள்ளிகளை நாடும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக் குடும்பங்களும் விரும்பி விண்ணப்பிக்கின்றன. சேர்க்கைக் காலம் வந்தால் தொலைபேசி ஒலிக்கும். "அண்ணை, நீங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில மெம்பர்தானே, மகளுக்கு ஒரு இடம் எடுத்துத் தர ஏலாதோ?" என்று கேட்பவர் பல ஆண்டுகளாக உங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறியவராக இருப்பார்.

அவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அகாடமியில் சேர்க்கை அதிகாரம் அறக்கட்டளைக்கு உரியது. அது முன்கூட்டியே வெளியிட்ட விதிகளின்படி, சேர்க்கை நெறிமுறைக்கு உட்பட்டு, இடங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. விதிகளை மாற்றுவதானால் கலந்தாய்வு நடத்த வேண்டும். திருமண்டலத்தின் அல்லது மறைமாவட்டத்தின் வழிகாட்டலையும் கருத்தில் கொள்ள வேண்டும். இடம் கிடைக்காதவர் சுயேச்சையான மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். இதில் எந்தக் கட்டத்திலும் உறுப்பினருக்கு இடமில்லை. ஆனால் வெறுமனே "முடியாது" என்று வைத்துவிடாமல், விண்ணப்பத்தின் கடைசி நாள், சமய நடைமுறைக்கான துணைப் படிவம், அதில் பங்குத்தந்தையின் கையொப்பம், மேல்முறையீட்டுக்கான காலக்கெடு ஆகியவற்றை எடுத்துச் சொல்லுங்கள். துணைப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் வரிசையில் கீழே போன பிள்ளைகளை நான் அறிவேன். எவருக்கும் வெளிப்படையாகச் சொல்லக்கூடிய தகவலை உறவினருக்கும் சொல்வதில் பிழை ஏதுமில்லை.

ஒன்பதாம் படி: விலகும்போது முறையாக விலகுங்கள்

காலவரையறை இல்லாத பதவி என்பதால் உறுப்பினர்கள் பலர் ஊர் மாறிய பிறகும் பெயரளவில் தொடர்கிறார்கள். எழுத்து மூலத் தீர்மானத்தின் கணக்கை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சிக்கல் தரும் என்பது விளங்கும். கூட்டத்துக்கு வர இயலாத நிலை வந்தால் ஆளுகைச் செயலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மாதிரி விதிகளின்படி, நீங்கள் விலகியபின் மூன்று உறுப்பினர்களாவது மிஞ்சினால்தான் விலகல் செல்லும்; ஆகவே முதலில் உங்களை நியமித்த ஆயருக்கோ கல்வி வாரியத்துக்கோ சொல்லி, மாற்று ஆளை நியமிக்க அவகாசம் கொடுங்கள். விலகல் நடந்த 14 நாளுக்குள் அறக்கட்டளை அரசின் பள்ளித் தகவல் பதிவேட்டில் அதைத் திருத்த வேண்டும். குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு உடையவராக உங்கள் பெயர் ஏறியிருந்தால் நிறுவனப் பதிவகத்திலும் நீக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து இரண்டு இடங்களிலும் தேடி, பெயர் நீங்கிவிட்டதா என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.